எந்தக் காலத்து ஆட்டக்காரர் பெரியவர்? கூடைப்பந்து ஒப்பீடு ஏன் இவ்வளவு குழப்புகிறது

2023 பிப்ரவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஆட்டத்தில், லெப்ரான் ஜேம்ஸ் பின்பக்கம் சாய்ந்தபடி எறிந்த ஒரு பந்து கூடைக்குள் விழுந்தது. அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் வாழ்நாளில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்று கரீம் அப்துல்-ஜப்பார் 1984இலிருந்து கைவசம் வைத்திருந்த சாதனை அந்த நொடியில் கைமாறியது. 38,387 புள்ளிகள் என்ற கரீமின் மொத்தத்தை லெப்ரான் தாண்டினார். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கரீம் எழுந்து வந்து, பந்தைத் தன் கையாலேயே லெப்ரானிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து பழைய கேள்விக்கு மறுபடி சூடு பிடித்தது. அதிகப் புள்ளி எடுத்தவர்தான் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவரா? இல்லை, இறுதிச் சுற்றுக்கு வந்த ஆறு முறையும் கோப்பையை வென்ற மைக்கேல் ஜோர்டன்தான் என்கிறார்கள் சிலர். கோப்பைதான் அளவு என்றால் 11 வென்ற பில் ரஸ்ஸல் எங்கே என்று இன்னொருவர் கேட்கிறார். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினை மறந்துவிட்டீர்களே என்று வேறொருவர் வருகிறார்.

எல்லோரும் சொல்வது உண்மையான எண்தான். ஆனாலும் வாதம் முடிவதில்லை. ஒவ்வோர் எண்ணும் வேறொரு விதிக்குக் கீழே, வேறொரு வேகத்தில், வேறு எதிராளிகளுக்கு நடுவே பிறந்தது என்பதுதான் காரணம். அந்தப் பின்னணியைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெயர் ஒன்று, ஆட்டம் வேறு

என்.பி.ஏ. 1946இல் தொடங்கிய லீக். அன்றைய ஆட்டத்தையும் இன்றைய ஆட்டத்தையும் பிரிக்கும் பெரிய விதி மாற்றங்கள் இவை:

1. 24 நொடிக் கடிகாரம், 1954-55. அதற்கு முன்பு, ஒரு அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டலாம். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது இப்படித்தான். தோற்ற அணியின் 18 புள்ளிகளில் 15ஐ ஜார்ஜ் மைக்கன் ஒருவரே எடுத்தார். இந்த நோய்க்கு மருந்து கண்டவர் சிராக்யூஸ் அணி உரிமையாளர் டேனி பியாசோன். ஒரு நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன என்று கண்டார். 48 நிமிடம் என்றால் 2,880 நொடி. அதை 120ஆல் வகுத்தால் 24.

2. கூடைக்குக் கீழே உள்ள வண்ணப் பகுதியின் அகலம். முதலில் 6 அடி. அங்கே நின்றே மைக்கன் எல்லோரையும் ஒடுக்கியதால் 1951இல் 12 அடி ஆக்கினார்கள். பிறகு சேம்பர்லின் வந்தார். 1964இல் 16 அடி ஆனது. ஒரு ஆள் மிஞ்சிப் போனதால் மைதானத்தின் கோட்டையே மாற்றி வரைந்தார்கள் என்பது எந்தப் புள்ளிவிவரத்தையும் விடப் பெரிய சான்றிதழ்.

3. மூன்று புள்ளிக் கோடு, 1979-80. முதல் சீசனில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. இன்று 35க்குப் பக்கத்தில் நிற்கிறது. கோடு எல்லாக் காலத்திலும் ஒரே இடத்தில் இருந்ததும் இல்லை. 1994 முதல் 1997 வரை மூன்று சீசன்களுக்கு அதைக் கிட்டே கொண்டுவந்து சுற்றிலும் 22 அடியாக வைத்திருந்தார்கள். சிகாகோ புல்ஸ் 72 ஆட்டங்களை வென்ற 1995-96 சீசன் அதற்குள் வருகிறது.

4. தடுப்பு விதிகள். 2001 வரை ஸோன் முறையில் இடத்தைக் காத்து நிற்பது தப்பு. அவரவர் தன் ஆளோடு ஒட்டி நிற்க வேண்டும். 2001-02இல் ஸோனை அனுமதித்தார்கள். 2004-05 முதல், பந்து வைத்திருப்பவரைக் கையால் பிடித்து அழுத்துவதைக் கண்டிப்போடு ஃபவுலாக்கினார்கள். ஆக, ஜோர்டன் காலத்தில் உடம்பில் அடி அதிகம், ஆனால் ஒருவரை ஒருவர் சமாளித்தால் போதும். இப்போது அடி குறைவு, ஆனால் ஒருவரைத் தாண்டினால் இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். எது கடினம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு திறமையைச் சோதிக்கின்றன.

50.4ஐ இன்றைக்குக் கொண்டுவந்தால்

சேம்பர்லின் 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளியும் 25.7 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் எகிறும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். படிக்கும்போதே கண் விரிகிற எண்கள். இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தேவை: வேகம்.

வேகம் என்றால், ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பந்து எத்தனை முறை கைக்கு வருகிறது என்ற கணக்கு. அன்றைய ஆட்டத்தில் ஓடினார்கள், உடனே எறிந்தார்கள், தவறவிட்டார்கள், மறுபடி ஓடினார்கள். அப்போது ஒரு அணிக்குச் சுமார் 125 முறை பந்து வந்திருக்கும் என்பது மதிப்பீடு. இன்று அது கிட்டத்தட்ட 100. சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்:

1. 125 முறையில் 50.4 புள்ளி என்றால், 100 முறையில் சுமார் 40.
2. சேம்பர்லின் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்கள் சராசரியை மேலே தள்ளின. இன்றைய நட்சத்திரங்கள் ஆடுவது சுமார் 36 நிமிடம்.
3. 40ஐ அந்த விகிதத்தில் குறைத்தால் சுமார் 30.

அதாவது, அந்த 50 இன்றைய கணக்கில் ஏறக்குறைய 30. இன்றும் லீக்கின் முன்வரிசையில் நிற்கும் எண்தான், ஆனால் கற்பனைக்கு எட்டாத எண் இல்லை.

இதோடு நிறுத்தினால் சேம்பர்லினுக்கு அநியாயம். 36 நிமிடம் மட்டும் ஆடுகிறவர் முழு வேகத்தில் ஆடலாம். அவர் ஒரு சீசன் முழுக்க இறங்காமல் ஆடினார். லீக்கே 100 எறிதலுக்கு 43தான் போட்ட காலத்தில் அவர் 50க்கு மேல் போட்டார். ஆகவே இந்தக் கணக்கு அவரைச் சிறுமைப்படுத்துவதற்கு அல்ல. 50.4ஐ இன்றைய ஒருவரின் 33க்குப் பக்கத்தில் அப்படியே வைத்து ‘பார்த்தீர்களா’ என்று கேட்பது தவறு என்று காட்டுவதற்கு மட்டும்தான்.

ரீபவுண்டில் இது இன்னும் தெளிவு. தவறிய எறிதல் எவ்வளவோ, அவ்வளவு ரீபவுண்ட் வாய்ப்பு. 1961-62இல் ஒரு அணி ஆட்டத்துக்குச் சுமார் 71 ரீபவுண்ட் எடுத்தது. சேம்பர்லினின் 25.7 அதில் 36 சதவீதம். 1991-92இல் டெனிஸ் ராட்மன் எடுத்தது 18.7தான். ஆனால் அன்று ஒரு அணியின் சராசரியே சுமார் 44. அப்படியானால் ராட்மனின் பங்கு 42 சதவீதத்துக்கு மேல், அதுவும் சேம்பர்லினை விடக் குறைந்த நிமிடங்களில். பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும் 18.7, பங்கு வைத்துப் பார்த்தால் மேலே ஏறிவிடுகிறது. ராட்மனின் உயரம் 6 அடி 7 அங்குலம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவர் செய்ததன் அருமை இன்னும் புரியும்.

ஒரு சீசன் முழுவதும் சராசரியாக ட்ரிபிள் டபுள் (மூன்று கணக்குகளில் பத்துக்குக் குறையாமல்) எடுத்த முதல் ஆள் ஆஸ்கர் ராபர்ட்சன், அதே 1961-62இல்: 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் (சகா கூடை போட உதவிய பாஸ்). 55 வருடம் கழித்து, 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 எடுத்தார். ராபர்ட்சனின் 12.5 ரீபவுண்ட் அன்றைய அணிச் சராசரியில் ஆறில் ஒரு பங்கு சொச்சம், வெஸ்ட்புரூக்கின் 10.7 கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இதில் வெஸ்ட்புரூக் முன்னே. ஆனால் அவருடைய அணியின் உயரமான ஆட்கள் எதிராளியை மறித்து நிற்க, பந்தை அவர் வந்து எடுத்துக்கொள்வதே அணியின் திட்டமாக இருந்தது. மறுபக்கம், ராபர்ட்சன் காலத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் அசிஸ்ட் கொடுப்பதில் கஞ்சம். பந்தை வாங்கியவர் இரண்டு தடவை தட்டிவிட்டுப் போட்டால் அசிஸ்ட் கிடைப்பது கஷ்டம். அந்த 11.4 கண்ணுக்குத் தெரிவதை விடக் கனமானது.

கோப்பைகளை எண்ணலாமா?

ரஸ்ஸல் 13 சீசனில் 11 கோப்பை. ஜோர்டன் 6. கரீம் 6. லெப்ரான் 4. எண்ணுவது சுலபம்தான். ஆனால் 1957இல் ரஸ்ஸல் முதல் கோப்பையை வென்றபோது லீக்கில் இருந்தவை 8 அணிகள். ரஸ்ஸலின் அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் நாக் அவுட் கட்டத்தில் இரண்டு தொடர் ஆடி, மொத்தம் 7 வெற்றியில் கோப்பையைத் தொட்டது. இன்று 30 அணிகள், நான்கு தொடர், 16 வெற்றி.

அதனால் ரஸ்ஸலின் 11 மலிவு என்று ஆகிவிடாது. 8 அணி என்றால் ஏறக்குறைய 100 பேருக்குத்தான் இடம். திறமை நீர்த்துப் போகாத லீக் அது. ரஸ்ஸலும் சேம்பர்லினும் 140 தடவைக்கு மேல் மோதினார்கள். இன்று வேறு வேறு பிரிவில் இருக்கும் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் ஒரு வழக்கமான சீசனில் சந்திப்பதே இரண்டு முறை. ஏழாவது ஆட்டம் வரை போன தொடர்களில் ரஸ்ஸல் 10 முறை ஆடி 10 முறையும் வென்றார். கடைசிக் கோப்பையை 1969இல் வென்றபோது அவரே பயிற்சியாளர். அணி கிழக்குப் பிரிவில் நாலாவது இடத்தில் முடித்திருந்தது. எதிரே சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேலர் மூவரும் ஒரே சட்டையில். ஏழாவது ஆட்டத்தில் 108–106.

கோப்பைக் கணக்கில் இரண்டு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, அணியின் வெற்றியைத் தனி ஆளின் பெயரில் எழுதுவது. ராபர்ட் ஹோரியிடம் 7 கோப்பை இருக்கிறது. அவரை ஜோர்டனுக்கு மேல் வைக்க யாருக்கும் மனம் வராது. இரண்டாவது, ‘ஜோர்டன் இறுதிச் சுற்றில் 6–0, லெப்ரான் 4–6’ என்ற வாதம். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஜோர்டன் 1985, 1986, 1987இல் முதல் சுற்றிலேயே தோற்றார்; அடுத்த மூன்று வருடம் டெட்ராய்ட்டிடம் தோற்றார். அந்த ஆறு தோல்வியும் கணக்கில் வராது, ஆனால் 22 வயதில் ஒரு சாதாரண அணியை இறுதிச் சுற்று வரை இழுத்து வந்த லெப்ரானின் 2007 தோல்வி மட்டும் கறையாகும் என்றால் அது என்ன அளவுகோல்? முதல் சுற்றில் தோற்பது இறுதிச் சுற்றில் தோற்பதை விட மேல் என்று ஆகிவிடுகிறது.

மொத்தப் புள்ளியும் தொடங்கிய வயதும்

கரீம் 1969இல் என்.பி.ஏ.வுக்கு வந்தபோது வயது 22. நான்கு வருடம் கல்லூரியில் கழிந்தது. அதில் முதல் வருடம் புதுமுக மாணவர்கள் முதன்மை அணியில் ஆடவே கூடாது என்று விதி. படிப்புக் காலம் முடியும் முன் லீக்குக்கு வர வழி திறந்தது 1971இல், ஸ்பென்சர் ஹேவுட் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான். லெப்ரான் 2003இல் பள்ளி முடித்த கையோடு 18 வயதில் வந்தார். கரீம் தன் முதல் ஆட்டத்தை ஆடிய வயதில், லெப்ரானின் பெயரில் 8,400க்கு மேல் புள்ளி சேர்ந்திருந்தது.

மூன்று புள்ளிக் கோட்டையும் சேருங்கள். கரீம் வாழ்நாள் முழுக்கப் போட்ட மூன்று புள்ளிக் கூடை ஒன்றே ஒன்று. ஜோர்டனோ 1,072 ஆட்டம்தான் ஆடினார், சராசரி 30.1. நடுவில் பேஸ்பால் ஆடப் போனார், ஓய்வு பெற்றார், திரும்பி வந்தார். மொத்தம் என்ற அளவுகோலில் அவர் மேலே வரவே முடியாது.

ஆனாலும் நீடித்து ஆடுவதும் ஒரு திறமை. லெப்ரானைப் போலவே நவீன மருத்துவமும் தனி விமானமும் கிடைத்த ஆயிரக்கணக்கான பேர் இந்த 20 வருடத்தில் வந்து போயிருக்கிறார்கள். 40,000ஐத் தொட்டது அவர் ஒருவர்தான்.

எதிரே நின்றவர்கள் யார்?

1950 வரை என்.பி.ஏ.வில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஏர்ல் லாய்ட், சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் மூவரும் அந்த வருடம் வந்தார்கள். மைக்கனின் காலத்தை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. 1967இலிருந்து ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் பல நட்சத்திரங்களை வைத்திருந்தது. 1976இல் அதிலிருந்து நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்த பிறகுதான் எல்லோரும் ஒரே கூரைக்கு வந்தார்கள். ஆகவே கரீமின் முதல் சில சீசன்களில் திறமை இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கதை இன்னும் பெரிது. லிதுவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸை போர்ட்லாந்து அணி தேர்ந்தெடுத்தது 1986இல். அவர் வந்து ஆடியது 1995இல், 30 வயதில், காயங்களால் தேய்ந்த கால்களோடு. ஜோர்டன் உச்சத்தில் இருந்த வருடங்களில் இப்படிப்பட்டவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். 2019 முதல் 2025 வரை, சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கிய அத்தனை பேரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்: யானிஸ், யோகிச், எம்பீட், கில்ஜஸ்-அலெக்சாண்டர். இன்றைய லீக் ஆழமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் பழையவர்கள் இன்று வந்தால் தாங்க மாட்டார்கள் என்று சொல்லிவிடலாமா? இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 1962இன் ஆளை அப்படியே தூக்கி இன்றைய மைதானத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்பது ஒன்று. அவர் இந்தக் காலத்தில் பிறந்து, இந்தப் பயிற்சியும் சாப்பாடும் மருத்துவமும் பெற்று வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் இன்றைய ஆள்தான் எப்போதும் ஜெயிப்பார். அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இரண்டாவதுதான் நியாயமான கேள்வி.

எல்ஜின் பேலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-62இல் அவர் ராணுவ ரிசர்வ் பணிக்கு அழைக்கப்பட்டு வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தார். விடுப்பு கிடைத்த வார இறுதிகளில் விமானம் பிடித்து வந்து லேக்கர்ஸுக்கு ஆடிவிட்டு முகாமுக்குத் திரும்புவார். அணியோடு சேர்ந்து பயிற்சி கிடையாது. அப்படி 48 ஆட்டங்கள், சராசரி 38.3 புள்ளி. அதே சீசனுக்கு முன், லெக்சிங்டன் நகரில் ரஸ்ஸலுக்கும் அவருடைய கறுப்பினத் தோழர்களுக்கும் சாப்பாடு பரிமாற மறுத்தார்கள். அவர்கள் ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். இந்தச் சுமையோடு ஆடியவர்களைத்தான் நாம் பழைய வீடியோவைப் பார்த்து ‘இடது கையால் பந்து தட்டத் தெரியவில்லை’ என்கிறோம்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது?

நம்பத்தக்க ஒரே வழி, ஒவ்வொருவரையும் அவர் காலத்துச் சக ஆட்டக்காரர்களோடு வைத்து, எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. விதியும் வேகமும் எல்லோருக்கும் பொது. இடைவெளி மட்டும் அவருடையது.

1. சேம்பர்லின், 1961-62: 50.4. அடுத்து பேலர் 38.3, வால்ட் பெல்லமி 31.6. ஆனாலும் அந்த வருட எம்.வி.பி. ரஸ்ஸல். அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. தினமும் எதிரே நின்றவர்கள் 50 புள்ளியைப் பார்த்துவிட்டும் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுத்தார்கள். சேம்பர்லினே பிறகு மாறினார்: 1966-67இல் 24.1 புள்ளியாகக் குறைத்து, சகாக்களுக்குப் பந்தைக் கொடுத்து ஆடினார். அணி 68 ஆட்டம் வென்று கோப்பையும் வாங்கியது.

2. ஜோர்டன், 1986-87: 37.1. இரண்டாவது இடத்தில் டொமினிக் வில்கின்ஸ் 29.0. அடுத்த சீசனில் அதிகப் புள்ளி, எம்.வி.பி., சிறந்த தடுப்பாட்டக்காரர் மூன்றும் அவருக்கே.

3. ஸ்டெஃபன் கரி, 2015-16: 402 மூன்று புள்ளிக் கூடை. அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. அந்த சீசனில் இரண்டாவது இடம் 276.

இந்த அளவில் வைத்தால் என் கணிப்பு இது. உச்சத்தில் இருந்த சில சீசன்களை மட்டும் எடுத்தால் ஜோர்டன். புள்ளி எடுப்பதிலும் தடுப்பதிலும் ஒரே நேரத்தில் அவ்வளவு முன்னே யாரும் போகவில்லை. முழு வாழ்க்கையை எடுத்தால் லெப்ரான். கூட ஆடுகிறவர்களை வெல்ல வைப்பது என்றால் ரஸ்ஸல். கரீமை இந்த வாதத்தில் நான்காவது ஆளாக ஒதுக்குவது எனக்கு வருத்தம்தான்: 6 எம்.வி.பி. அவரைத் தவிர யாரிடமும் இல்லை.

ரஸ்ஸலை எண்களால் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அவருடைய பலம் தடுப்பாட்டம். ஆனால் பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டையும் என்.பி.ஏ. கணக்கில் எழுதத் தொடங்கியதே 1973-74இல். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969இல், சேம்பர்லின் 1973இல். இன்றைய அதிகாரப்பூர்வப் பட்டியலில் 3,830 பிளாக்குகளோடு ஹக்கீம் ஒலாஜுவான் முதல் இடம். 3,189 என்று நிற்கும் கரீமின் கணக்கில் அவருடைய முதல் நான்கு சீசன்கள் இல்லை. ரஸ்ஸல் பெயருக்கு நேரே ஒரு பிளாக்கூட இல்லை.